கால்சா வீட்டின் ஈரக் காற்று

இயேசு மரி சூசை

பலேர்மோ
23.11.1997

அன்பின் அத்தானுக்கு,

கொழும்பில் கொட்டாஞ்சேனை அறையில் நீங்களும் பிள்ளையும் மச்சாளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அதை நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நானும் சுகம்தான். சவர்க்காரத் தண்ணீரால் விரல் நுனிகள் மட்டும் கொஞ்சம் வெடித்திருக்கின்றன. அது இங்கே எல்லாருக்கும் உள்ளதுதான்.

போன ஞாயிறு தொலைபேசியில் அமலினி குளிக்கிறாள் என்றீர்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது, அத்தான். “அம்மா, நான் கதைக்கமாட்டன், அம்மா” என்று அவள் சொன்னது எனக்கு இந்தப் பக்கம் தெளிவாகவே கேட்டது. அவள் கூப்பிட்ட அம்மா உங்கள் அக்கா விமலராணி மச்சாள் என்பதும் விளங்கியது. மூன்று வயதில் நான் விட்டுவிட்டு வந்த எங்கள் பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. யாரிலும் பிழை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அடுத்த முறை அவளை இழுத்துக்கொண்டு வந்து தொலைபேசிக்கு முன்னால் நிறுத்தவேண்டாம்.

உங்கள் இருவரையும் இங்கே கூப்பிடுகிற அலுவலைக் கேட்டிருந்தீர்கள். என்னுடைய பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, வருகிற மார்ச் மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க, நான் வேலை செய்யும் வீட்டு சிக்னோரா நினெத்தா தரும் வேலைக் கடிதம் வேண்டும். குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு அதோடு இன்னொன்றும் வேண்டும். பிள்ளையோடு குடியிருக்கக்கூடிய வீடு என்று சுகாதாரப் பகுதி தரும் சான்றிதழ். சீசாப் பகுதியில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் இரண்டு அறை நாலாம் மாடியில் இருக்கிறது. வெளிச்சம் உண்டு. வடக்குச் சுவரில் கொஞ்சம் ஈரம். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் சிக்னோராவின் கடிதம்.

சிக்னோராவின் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சிக்னோராவின் கணவர் சிக்னோர் காலோஜெரோ முப்பத்திரண்டு வருடம் சிக்காகோவில் வீடுகளைச் சூடாக்கும் இயந்திரங்கள் பூட்டியவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அப்படி ஒன்றைக் கப்பலில் போட்டுக்கொண்டு வந்து, கடலோரக் கால்சாப் பகுதியில் இந்த மூன்றாம் மாடி வீட்டில் தன் கையாலேயே பூட்டினார். பலேர்மோவில் மற்ற வீடுகளில் சுவரோரம் இரும்புக் கட்டை சூடாகும், அல்லது ஒன்றுமே இருக்காது. இவர் வீட்டில் மட்டும் தகரக் குழாய்களுக்குள்ளால் எல்லா அறைக்கும் சூடான காற்று வரும். அந்தக் காற்று வறண்டு போகாமலிருக்க இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு பெட்டி. உள்ளே தேன்கூடு போல ஒரு தட்டு நிற்கும். அதன்மேல் தண்ணீர் சொட்டும். சூடான காற்று அதனூடாகப் போய் ஈரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். ஆங்கிலத்தில் அதற்கு ஹியூமிடிஃபையர் என்று பெயர். நான் ஈரப் பெட்டி என்கிறேன்.

போன வருடம்வரை அந்தப் பெட்டியை அவர் ஒருவர்தான் தொடுவார். காலையில் வானத்தைப் பார்ப்பார், சுவரில் இருக்கும் திருகியைக் கொஞ்சம் திருப்புவார், போய்க் கோப்பி குடிப்பார். ஆகஸ்டில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா? வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இப்போது கதிரை வண்டியில்தான். ஓம் என்றால் இடது கையில் ஒரு விரலைத் தூக்குவார்.

இறந்தோர் திருநாளுக்கு அடுத்த நாள் சூட்டு இயந்திரத்தைப் போட்டார்கள். வறண்ட காற்று நெஞ்சுக்குக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதை வைத்து சிக்னோரா அந்தத் திருகியைக் கடைசிவரை திருப்பி விட்டுவிட்டார். காற்றுப் பட்டால் கணவருக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயத்தில் யன்னல் ஒன்றும் திறப்பதில்லை. மூன்று கிழமையாகக் கண்ணாடிகளெல்லாம் அழுதுகொண்டிருக்கின்றன. படுக்கையறைக் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன. வீட்டுக்குள் நனைந்த சாக்கு மணம். சிக்னோர் விடாமல் இருமுகிறார்.

நேற்று சிக்னோரா என்னைக் கூப்பிட்டு அந்தப் புள்ளிகளைக் காட்டி, “நீ தரையைத் துடைக்கேல்லை, கழுவுறாய். எல்லாம் உன்ரை தண்ணிதான்” என்றார். மன்னாரில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள், காற்றில் உள்ள ஈரத்தின் அளவைச் சாரீரப்பதன் என்று கரும்பலகையில் எழுதி விளங்கப்படுத்தியவள், கையில் துடைப்பத் துணியோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மார்ச் மாதத்தை நினைத்தேன்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அவர்களுடைய மகன் மிலானிலிருந்து வருகிறாராம். அவர் கொஞ்சம் கண்டிப்பானவர். எங்களுக்காக ஒரு செபம் சொல்லிக்கொள்ளுங்கள். மச்சாளைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்களையே எண்ணியிருக்கும்
அகஸ்ரீனா


இயேசு மரி சூசை

பலேர்மோ
11.1.1998

அன்பின் அத்தானுக்கு,

நத்தார் வாழ்த்து மட்டை சேர்ந்தது. அமலினி கீறிய மாட்டுக்கு ஐந்து கால் இருப்பதை நான் எண்ணிப் பார்த்தேன். வேலை முடிந்து வந்து இன்னொரு முறையும் எண்ணினேன். இந்தக் கடிதம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

டிசம்பர் பதின்மூன்று, லூசியா திருநாள். அன்று இங்கே பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள், சோற்றை உருட்டிப் பொரித்துச் சாப்பிடுவார்கள். சிக்னோருக்கு ஓர் உருண்டையைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு இழுக்கத் தொடங்கியது. வைத்தியர் வந்து நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று மருந்து எழுதினார். போகும்போது மூக்கைச் சுளித்து, “இந்தப் பூஞ்சண மணத்துக்குள்ளை இவரை வைச்சிருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபதாம் திகதி மகன் சால்வோ வந்தார். வந்த உடுப்போடேயே படுக்கையறைக்குப் போய்ச் சுவரில் விரலால் ஒரு கோடு இழுத்து அந்த விரலைப் பார்த்தார். பிறகு குசினியில் தாயிடம், “அம்மா, இது உங்களாலை ஏலாது. அப்பாவை ஒரு இல்லத்திலை விடுவம். நீங்கள் என்னோடை மிலானுக்கு வாங்கோ. வீட்டைப் பூட்டுவம். இந்தப் பெண்ணுக்கு மாசி வரைக்கும்தான் வேலை இருக்கெண்டு சொல்லிவிடுவம்” என்றார். நான் அங்கேதான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். எனக்கு இத்தாலியன் விளங்காது என்று நினைத்தாரோ, விளங்கினால்தான் என்ன என்று நினைத்தாரோ தெரியாது.

சிக்னோரா அழுதார். அழுதுகொண்டே என்னைக் காட்டி, “வீட்டை ஊறப்போட்டது இவள்தான்” என்றார்.

அத்தான், அந்த இடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். “சிக்னோரா, நான் துடைக்கிற தண்ணி பத்து நிமிசத்திலை காயும். ராப்பகலாத் தண்ணி ஊத்துறது உங்கட பெட்டி” என்றேன். என் இத்தாலியனில் அது எவ்வளவு சரியாக வந்ததோ தெரியாது. ஆனால் சால்வோ கதிரையைத் திருப்பிப்போட்டு, “எந்தப் பெட்டி?” என்று கேட்டார்.

காட்டினேன். ஜனவரி ஆறு, மூவிராசாக்கள் திருநாள் வரைக்கும் அவர் இங்கே நிற்பதாக இருந்தது. அதுவரை அந்தப் பெட்டியையும் யன்னல்களையும் என் பொறுப்பில் விடுங்கள், சுவர் காயாவிட்டால் நானே போய்விடுகிறேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது. உங்கள் இருவருடைய பயணத்தையும் அல்லவா நான் அந்த மேசையில் வைத்துவிட்டேன்.

குசினி இழுப்பறையில் அந்த இயந்திரத்தின் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். வரவேற்பறைச் சுவரில் ஒற்றை ஊசியோடு ஒரு வட்டக் கருவி தொங்குகிறது. பழுதான மணிக்கூடு என்றுதான் சிக்னோரா ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது காற்றின் ஈரப்பதனைக் காட்டும் கருவி. ஊசி எழுபத்துநாலில் நின்றது. அது உண்மை சொல்கிறதா என்று பார்க்கப் புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. ஒரு மூடியில் உப்பைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு நனைத்து, கருவியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டி வைத்தால், சில மணித்தியாலத்தில் ஊசி எழுபத்தைந்துக்கு வரவேண்டும். காலையில் கட்டி வைத்து மாலையில் பார்த்தேன். எழுபத்தொன்று. அப்படியென்றால் அந்தக் கருவி நாலு குறைத்துச் சொல்கிறது. வீட்டின் ஈரம் எழுபத்தெட்டு! நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கவேண்டியது.

அடுத்த நாள் இயந்திர அறையைத் திறக்கப் போனேன். என் கையில் அந்தப் புத்தகத்தைக் கண்டதும் சிக்னோர் கதிரையின் பிடியில் அடிக்கத் தொடங்கினார். என்னவென்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. தானும் வரவேண்டுமாம். தள்ளிக்கொண்டு போனேன். எந்த ஆணியைக் கழற்றுவது, எந்தக் குழாயை முதலில் மூடுவது என்று இடது கையால் காட்டினார். நான் பிழையான ஆணியில் கை வைத்தால் “ம்ம்ம்” என்று உறுமுவார். மூடியைத் திறந்தால், அந்தத் தேன்கூட்டுத் தட்டு முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து கல்லுப் போல இறுகியிருக்கிறது. இந்த ஊர்த் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. மிச்சத் தண்ணீர் வெளியே போகும் ரப்பர்க் குழாயும் அடைத்துவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் பெட்டிக்குப் பின்னால் வழிந்து சுவருக்குள் இறங்கியிருக்கிறது. அந்தச் சுவரின் மறுபக்கம்தான் அவருடைய கட்டில்.

தட்டை வினாகிரியில் ஊறவைத்தேன். குழாயை ஒரு நீளக் கம்பியால் குத்தி எடுத்தேன். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் நல்ல ஒற்றுமை. பிறகு நான் சுவரில் இருந்த திருகியை முழுதாக மூடப் போனேன். அவர் போட்ட சத்தத்தில் சிக்னோரா ஓடிவந்தார். “அவர் வேண்டாம் எண்டுறார், கேக்கேல்லையே? அவருக்குத்தான் அது தெரியும்” என்றார்.

அவருக்குத் தெரியும்தான். ஆனால் ஆகஸ்டிலிருந்து அவர் வானத்தைப் பார்க்கவில்லை. கட்டில், கதிரை, சாத்திய யன்னல். அவருடைய நினைவில் குளிர்காலம் என்றால் சிக்காகோவின் பனி என்றாகிவிட்டதோ என்னவோ. அந்த ஊரில் வெளிக்காற்றில் ஈரம் இருக்காது, வீட்டுக்குள் சூடாக்கினால் தோலே உரியும். இங்கே யன்னலுக்கு வெளியே கடல். நான் அந்த வட்டக் கருவியைக் கொண்டுபோய்ப் பல்கனியில் வைத்தேன். அவருடைய கழுத்துக்குக் கம்பளித் துண்டைச் சுற்றி, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். துறைமுகத்தில் நாப்போலி நகரத்துக்குப் போகும் கப்பல் நின்றது. மழைத் தூறல். அரை மணித்தியாலம் கழித்துக் கருவியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். எண்பது.

அவர் ஊசியைப் பார்த்தார். வெளியே பார்த்தார். திரும்பவும் ஊசியைப் பார்த்தார். பிறகு தன்னைத் திருகியடிக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிக் கை காட்டினார். தன்னுடைய இடது கையாலேயே அதை முழுதாகத் திருப்பி மூடினார். சால்வோ வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யன்னல்தான் பெரிய சண்டை. காலையிலும் மத்தியானமும் பத்துப் பத்து நிமிடம் எல்லாவற்றையும் அகலத் திறந்து, காற்றை மாற்றிவிட்டுச் சாத்தவேண்டும் என்றேன். சிக்னோரா சிலுவை போட்டுக்கொண்டார். “காத்தடிச்சு மனிசன் செத்துப்போவார்!” அந்தப் பத்து நிமிடமும் தகப்பனை உள்ளறையில் வைத்துச் சால்வோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வியாபாரத் துறையில் பெரிய ஆள், கதவுக்குக் காவல். கறுப்புப் புள்ளிகளை மருந்துத் தண்ணீரால் துடைத்தேன். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டேன். ஊசி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு நாள் இறங்கவேயில்லை, அன்று எனக்குச் சாப்பாடும் இறங்கவில்லை. புது வருடத்துக்கு மறுநாள் ஐம்பத்திரண்டு. கண்ணாடிகள் அழுவதை நிறுத்தின. அவருடைய இருமலும் குறைந்தது.

கதை அதோடு முடியவில்லை. மூன்றாம் திகதி வடக்குக் காற்று அடித்தது. இங்கே அதைத் திரமொந்தானா என்பார்கள். வானம் துடைத்துவிட்டது போல நீலம், காற்றுக் கத்தி மாதிரி. ஊசி இருபத்தொன்பதுக்கு விழுந்தது. சிக்னோருக்கு உதடு வெடித்து, மூக்கிலிருந்து கொஞ்சம் இரத்தமும் வந்தது. “பார், பார்” என்று சிக்னோரா என் முகத்துக்கு நேரே கை நீட்டினார். நானும் பயந்துவிட்டேன். ஆனால் சிக்னோர் ஒரு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்து, திருகியைக் காட்டினார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய முகத்தில் இப்போது சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். சுத்தமாக்கிய பெட்டியைத் திரும்பத் திறந்து, நாற்பதில் வைத்தோம். இரண்டு நாளில் காற்று மாறி மழை வந்ததும் மூடினோம். பெட்டியைப் பற்றி நான் நினைத்ததும் முழுக்கச் சரியில்லை, அத்தான்.

சால்வோ போகிற நாளில் அந்த வைத்தியரைத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டினார். வைத்தியர் தலையை ஆட்டினார். இல்லத்தின் கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. வாசலில் சால்வோ என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “புத்தகத்தை இத்தாலியனிலை எழுதி வைக்க ஏலுமே?” ஓம் என்றேன்.

சிக்னோரா மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் மேசையில் இரண்டு கோப்பிக் கோப்பை இருந்தது. “இரு” என்றார். ஐந்து வருடத்தில் முதல் தடவை அந்த மேசையில் கதிரை இழுத்து இருந்தேன். கோப்பைக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கான வேலைக் கடிதம், கையெழுத்தோடு.

இதை வாசித்ததும் மச்சாளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள்
அகஸ்ரீனா


இயேசு மரி சூசை

பலேர்மோ
8.3.1998

அன்பின் அத்தானுக்கு,

பெர்மெஸ்ஸோவைப் புதுப்பித்துத் தந்துவிட்டார்கள். குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் தலைமையகத்தில், காலை ஆறு மணியிலிருந்து வரிசை. பரவாயில்லை.

சான்றிதழ் அலுவல்தான் என்னை வாட்டி எடுத்தது. சீசா வீட்டின் வடக்குச் சுவரில் கொஞ்சம் ஈரம் என்று எழுதியிருந்தேன். கொஞ்சம் என்பது பொய். அலுமாரியை இழுத்துப் பார்த்தபோது பின்சுவர் கறுத்துப் பாசி பிடித்திருந்தது. ஊரார் வீட்டுச் சுவரைக் காயவைத்தவள் என் சுவரைப் பார்க்கவில்லை! காரணம் எல்லாம் நான்தான். குளிருக்குச் சிலிண்டர் அடுப்பை அறைக்குள் கொளுத்தினேன். அது எரியும்போது சூட்டோடு ஈரத்தையும் விடுகிறது. உடுப்புகளை உள்ளே கொடி கட்டிக் காயப்போட்டேன். சோற்றுப்பானைக்கு மூடி இல்லை. யன்னல் திறந்தால் சூடு போய்விடும் என்று சாத்தியே வைத்திருந்தேன். சிக்னோராவைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு எழுதினேன்!

மேல்மாடியில் ஜெரால்டின் என்று ஒரு மொரீசியஸ் பெண் இருக்கிறாள். அவளுடைய பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். தமிழில் சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும் மட்டும் தெரியும். மொட்டைமாடிக் கதவின் திறப்பு அவளிடம் இருந்தது. அவள்தான் என் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போய் மேலே காயப்போட்டாள். சுவரைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கவும் கூட நின்றாள். அலுமாரியை உட்சுவருக்கு மாற்றினோம். அடுப்பை வெளியே தூக்கினேன். ஒரு மாதம் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் யன்னல் திறந்து வாழ்ந்தேன். சால்வோ மிலானிலிருந்து ஒரு சிறிய ஈரமானி அனுப்பியிருந்தார். அதில் ஐம்பத்தெட்டைக் கண்ட நாளில்தான் விண்ணப்பத்தைக் கொடுத்தேன்.

பரிசோதகர் வந்த நாள் பார்த்துக் கொட்டும் மழை. அன்று பின்னேரம் நாலு மாடியையும் மூச்சு வாங்க ஏறிக்கொண்டு வந்து நின்றது யார் தெரியுமா? சிக்னோரா நினெத்தா. தொப்பி, கையுறை, குடை. நான் வரச் சொல்லவில்லை. பரிசோதகர் அறையை அளந்தார், மூக்கை உறிஞ்சினார், வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். நான் மாதாவை நினைத்தேன். “இந்த வரிசையிலை எல்லா வீட்டிலும் இந்தச் சுவர் நனைஞ்சிருக்கு. இது ஏன் காஞ்சிருக்கு?” என்று கேட்டார். நான் வாய் திறக்க முன்னம் சிக்னோரா சொன்னார்: “இவள் ஆசிரியை. காத்தைப் பற்றிப் படிப்பிக்கிறவள். என்ரை மனிசனே இவளிட்டைப் படிக்கிறார்.”

அத்தான், நான் ஆசிரியை என்று அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு முதல் அனுமதி எடுத்துத் தந்த சிக்னோரின் பழைய கடதாசிகளோடு என் விண்ணப்பப் படிவத்தைக் கண்டிருக்கவேண்டும். அதில் முன்னைய தொழில் என்று ஒரு பெட்டி உண்டு.

சான்றிதழ் போன வெள்ளி கிடைத்தது. மூன்று பேர் குடியிருக்கத் தக்க வீடு என்று எழுதியிருக்கிறது. அன்றே குவெஸ்தூராவில் கொடுத்துவிட்டேன். இனி அவர்களுடைய பதில்தான்.

சிரிக்க ஒரு விடயம். புதுத் தட்டுப் பூட்டக் குழாய்காரர் ஒருவர் வந்தார். சிக்னோரைத் தளபாடம் போலச் சுற்றிப் போய், திருகியைக் கடைசிவரை திறந்து, “இப்பிடி இருந்தால்தான் நல்லது” என்றார். கதிரையிலிருந்து “ஷேமோ!” என்று ஒரு குரல். முட்டாள் என்று அர்த்தம். ஏழு மாதத்தில் சிக்னோர் சொன்ன முதல் சொல். சிக்னோரா கையிலிருந்த தட்டத்தைக் கீழே போட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. குழாய்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

உங்கள் போன கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நான் பலமுறை வாசித்துவிட்டேன். மச்சாள் வராமல் தான் வரமாட்டேன் என்று அமலினி சொல்கிறாள் என்றும், மச்சாள் அதைக் கேட்டுக் குசினிக்குள் போய்விட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதவேண்டியது உங்களுக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்
அகஸ்ரீனா


இயேசு மரி சூசை

பலேர்மோ
17.5.1998

அன்பின் விமலராணி மச்சாளுக்கு,

உங்கள் பெயரை முதலில் எழுதி நான் தொடங்கும் முதல் கடிதம் இது. ஐந்து வருடமாக உங்கள் தம்பிக்கு எழுதி, கடைசி வரியில் மச்சாளைக் கேட்டதாகச் சொல்லவும் என்று மட்டும் போட்டேன். நீங்கள் என் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த காலம் முழுக்க உங்களுக்கு ஒரு வரிதான் தந்திருக்கிறேன்.

குவெஸ்தூராவின் அனுமதி வந்துவிட்டது. அத்தானுக்குத் தனி உறையில் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதைக் கொண்டு கொழும்பில் உள்ள இத்தாலியத் தூதரகத்துக்குப் போகவேண்டும். ஆவணிக்குள் இரண்டு பேரும் வந்துவிடலாம் என்கிறார்கள். பள்ளிக்கூடம் புரட்டாதியில் தொடங்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டேன்.

உங்களையும் கூப்பிட வழி உண்டா என்று கேட்டேன். கணவனின் சகோதரிக்குச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அடுத்த யன்னலில் இன்னொருவரிடமும் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். நான் கேட்பதை நிறுத்தப்போவதில்லை.

மச்சாள், நான் பிள்ளையைக் கூப்பிடுகிறேன் என்றால் உங்களிடமிருந்து எடுக்கிறேன் என்றும்தான். அதை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், வரவில்லை. இந்த வருடம் ஒரு சுவரைக் காயவைக்கவும் ஓர் இயந்திரத்தைத் திறந்து பூட்டவும் பழகினேன். அதற்குப் புத்தகம் இருந்தது. என் பிள்ளையைப் படிக்க எனக்குப் புத்தகம் நீங்கள்தான். எனக்கு எழுதுங்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? சோறா, புட்டா விருப்பம்? மீனில் முள் எடுத்துக் கொடுக்கவேண்டுமா, தானே எடுப்பாளா? பயந்தால் சத்தம் போட்டு அழுவாளா, ஒளிந்துகொள்வாளா? கோபத்தில் எவ்வளவு நேரம் கதைக்காமல் இருப்பாள்? எது சின்ன விடயம், எது பெரிய விடயம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். கை நோகும்வரை எழுதுங்கள். நான் வரி வரியாகப் படிப்பேன்.

அவள் உங்களை அம்மா என்று கூப்பிடுவதை மாற்றவேண்டாம். இங்கே வந்த பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் உங்களோடு கதைப்பாள். அதற்கு நான் பொறுப்பு. என்னை அவள் விரும்பியபடி கூப்பிடட்டும். அகஸ்ரீனா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவள் உங்கள் கையை விடமாட்டாள். நீங்களும் விட விரும்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில், உங்களால் முடிந்தால் மட்டும், குனிந்து அவளிடம் சொல்லுங்கள்: “அங்கை நிக்கிறதும் உன்ரை அம்மாதான். பயப்பிடாமல் போ.”

நான் சொன்னால் அது வெறும் சொல். நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள்.

மடு மாதா உங்களைத் தனியே விடாமல் காக்கட்டும், மச்சாள்.

உங்கள் கைக் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும்
அகஸ்ரீனா